கசிவு என்றொரு கட்டம்

"மேடம், ஒளி கசியுது," என்றார் வேதமுத்து.

இசக்கியம்மாள் வறுத்த கடலையைத் தோல் நீக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு?"

"அத இப்பச் சொல்ல முடியாது மேடம். கசிவ அடைச்சிட்டுத்தான் சொல்ல முடியும்."

"அப்ப அடைங்க."

வேதமுத்து கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்பு டேப் இரண்டு சுருள் வாங்கிக்கொண்டு வந்தார்.


வேதமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. இசக்கியம்மாளுக்கு முப்பத்தைந்து. மாணவர் யார், ஆசிரியர் யார் என்று அந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட ஒரு வாரமாகும். வழுக்கையைப் பார்த்து இவர்தான் பேராசிரியர் என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. வேதமுத்துவும் பதிலுக்குக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு பாலிடெக்னிக்கில் இருபது வருடம் இயற்பியல் நடத்தியவர் அவர். முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொன்னால் குறைவு. அது இல்லாமல் கண்ணை மூடக் கூடாது என்றே நினைத்திருந்தார். நான்கு பல்கலைக்கழகங்கள் அவருடைய பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு மரியாதையாக அனுப்பிவைத்தன. ஐந்தாவது இடத்தில் இசக்கியம்மாள் "உக்காருங்க சார்" என்றார்.

கல்லூரி ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. அதற்கு மேல் கல்லூரியும் தராது, வீடும் தாங்காது.

முதல் நாள் இசக்கியம்மாள் அவருடைய படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆராய்ச்சி அனுபவம்ங்கிற எடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். உண்மையத்தான எழுதணும்."

"இருபது வருஷம் என்ன செஞ்சீங்க?"

"காலைல கேட் டூட்டி. அப்புறம் வகுப்பு. சாயங்காலம் மறுபடியும் கேட். அடையாள அட்டை இருக்கா, சட்டைய உள்ள விட்டிருக்கானான்னு பாக்கணும். அவ்வளவுதான். வீணாப் போச்சு மேடம்."

நாற்பத்தாறு வயதில் இன்னொருவர் முன்னால் கண் கலங்குவது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இசக்கியம்மாள் படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டார்.

"கையெழுத்து ஆறு மாசம் கழிச்சு," என்றார்.


அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

புதிதாகச் சேர்கிறவர் முதல் ஆறு மாதம் எதையும் படிக்கக் கூடாது. கட்டுரை கூடாது. கணினியில் தேடக் கூடாது. பக்கத்து அறைக்காரரிடம் வாயைக் கிளறக் கூடாது. ஒரு தகடு கொடுப்பார்கள். ஒரு விளக்கு, ஒரு மீட்டர், அவற்றை வைக்க ஒரு இருட்டுப் பெட்டி, ஒரு நோட்டு. அளந்து எழுத வேண்டும்.

ஆறாம் மாதக் கடைசி நாளில் இசக்கியம்மாள் கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

முன்னால் சேர்ந்த ஒரு பையன் ரகசியமாக எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து பிரமாதமாகப் பதில் சொன்னானாம். "இத எங்க பாத்தீங்க?" என்று இசக்கியம்மாள் கேட்டாராம். அவன் ஒரு கட்டுரையின் பெயரைச் சொன்னானாம். "அப்ப அவங்ககிட்டயே சேந்துக்கோங்க," என்று அனுப்பிவிட்டாராம்.

வேதமுத்து அந்தத் தவறைச் செய்யவில்லை. அவர் நேர்மையான மனிதர். அவருக்கு வந்த தொந்தரவெல்லாம் அந்த நேர்மையால்தான் வந்தது.


தகடு என்று பெயர்தான். சுண்டுவிரல் நகமளவு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் தங்கப் பூச்சு. ஒரு தலைமுடியை நீளவாக்கில் நானூறு கீற்றாகச் சீவினால் ஒரு கீற்று எவ்வளவு கனமோ அவ்வளவு கனம். ஆனாலும் தங்கம் தங்கம்தான். ஒளியை அந்தப் பக்கம் விடாது.

அந்தப் பூச்சு முழுக்கத் துளைகள். கண்ணுக்குத் தெரியாது. வரிசை வரிசையாக, கோலப் புள்ளி மாதிரி ஒரே இடைவெளியில் இருக்கும். ஒவ்வொரு துளையும் சிவப்பு ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அகலம்கூட இல்லை.

வேதமுத்து இந்தப் பாடத்தை வருடா வருடம் நடத்தியிருக்கிறார். அலையைவிடச் சின்னத் துளை வழியாக அலை போகாது. துளைமேல் விழுவதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

நூறு பங்கு சிவப்பு ஒளி தகட்டின்மேல் விழுந்தால், துளைகள் இருக்கும் இடத்தில் விழுவது இரண்டு பங்கு. மீதித் தொண்ணூற்றெட்டும் வெறும் தங்கத்தின்மேல் விழுகிறது. துளைமேல் விழுந்த அந்த இரண்டிலும் ஏறக்குறைய எதுவும் வெளியே வரக் கூடாது.

மீட்டர் நான்கு காட்டியது.

வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். நான்குதான்.

வரக் கூடாதது வந்தால்கூட ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். துளைமேல் விழுந்ததே இரண்டு. வெளியே வருவது நான்கு. இப்படியும் ஒரு அக்கிரமம் உண்டா?

அவர் நோட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் போட்டார். ஒன்றின் தலைப்பு 'ஒளி'. இன்னொன்றின் தலைப்பு 'கசிவு'. ஒளிக்குக் கீழே சுழியம் எழுதினார். கசிவுக்குக் கீழே நான்கு எழுதினார். அப்புறம்தான் மூச்சு வந்தது.


முதல் மாதம் பெட்டியின் மூலைகளை அடைத்தார். இரண்டாம் மாதம் பெட்டியையே கறுப்புத் துணியால் போர்த்தினார். மூன்றாம் மாதம் உள்ளே கறுப்பு வண்ணம் பூசினார். ஏசியில் ஒரு பச்சைப் பொட்டு எரியும். அதன்மேலும் டேப் ஒட்டினார். பதினோரு சுருள் டேப் தீர்ந்தது. பெட்டி ஒரு பெரிய கரிக்கட்டி மாதிரி இருந்தது.

மீட்டர் நான்கு காட்டியது.

"மேடம், இன்னும் கசியுது."

இசக்கியம்மாள் அலமாரியைத் திறந்து ஒரு பெருங்காய டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் சில தகடுகள். ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டினார்.

"இது என்ன மேடம்?"

"தங்கம்தான். துளை கிடையாது."

வேதமுத்து பெட்டியில் வைத்து அளந்தார். சுழியம்.

பெட்டியில் சந்து இருந்தால் இப்போதும் கசிய வேண்டுமே.

"அப்ப கசிவு பெட்டில இல்ல மேடம்," என்றார் மறுநாள். "தகட்டுல இருக்கு. பூச்சு எங்கயோ விரிஞ்சிருக்கு."

"பாருங்க."

எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு விண்ணப்பித்து, இரண்டு வாரம் வரிசையில் காத்திருந்து பார்த்தார். விரிசல் இல்லை. ஒற்றைக் கீறல்கூட இல்லை. துளைகள் அத்தனையும் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்தன. இவ்வளவு ஒழுங்காக ஒரு வகுப்பு உட்கார்ந்து அவர் பார்த்ததே கிடையாது.

அன்றும் நோட்டில் 'கசிவு: நான்கு' என்றுதான் எழுதினார்.


நான்காம் மாதம் அவரே கேட்டார்.

"மேடம், ஒரே ஒரு துளை மட்டும் இருக்கிற தகடு உண்டா?"

டப்பா திறந்தது.

நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, அந்த ஒற்றைத் துளைமேல் விழுவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று அளந்தார். நூற்றில் ஒன்றுகூட இல்லை.

வேதமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டமாகப் போனார். அந்தத் துறைக் கட்டடத்தில் மாடிப்படியின் ஏழாவது படி மட்டும் மற்றதைவிட அரை சாண் உயரம் கூட. கட்டின கொத்தனாருக்கு அன்று என்ன கஷ்டமோ. அதில் இடறி, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்துப் போய் நின்றார்.

"புத்தகம் சரி மேடம்!"

"ஒண்ணுக்குச் சரி," என்றார் இசக்கியம்மாள்.

"ஒண்ணுக்குச் சரின்னா எல்லாத்துக்கும் சரிதான?"

இசக்கியம்மாள் டப்பாவிலிருந்து இன்னொரு தகடு எடுத்துக் கொடுத்தார். அதே தங்கம், அதே அளவுத் துளை, அதே எண்ணிக்கை. ஆனால் வரிசை கிடையாது. எள்ளை இறைத்த மாதிரி சிதறிக் கிடந்தன.

வேதமுத்து அளந்தார். மீட்டர் லேசாகத் துடித்துவிட்டுச் சுழியத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

பழைய தகட்டைத் திரும்ப வைத்தார். நான்கு.

அவருக்குக் கோபம் வந்தது. துளை என்றால் துளைதானே? அது வரிசையில் நின்றால் என்ன, சிதறி நின்றால் என்ன? ஒவ்வொரு துளையும் தன் பாட்டுக்குத்தானே ஒளியை விடவேண்டும்? பக்கத்தில் இன்னொருவன் எங்கே நிற்கிறான் என்று துளைக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் இசக்கியம்மாளிடம் குரலை உயர்த்தியே கேட்டார்.

அவர் கடைசித் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல என்ன மேடம்?"

"துளை அதே அளவு. வரிசையும் அதே. பூச்சு மட்டும் தங்கம் இல்ல. எந்த உலோகமும் இல்ல. ஒளிய விடாத வேற ஒண்ணு."

வேதமுத்து அளந்தார். சுழியம்.

துளையில் ஒன்றும் மாறவில்லை. துளையைச் சுற்றி இருப்பதுதான் மாறியிருந்தது.

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். மதிய வெயிலில் வேப்பமரத்தடியில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவே இல்லை. வேதமுத்துவுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் புரியாதது கசிவு எங்கே என்பது மட்டும்தான். இப்போது எதுவுமே புரியவில்லை.


ஐந்து மாதம் இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. கல்லூரி பிரின்சிபால் போன் செய்தார்.

"வேதமுத்து சார், நாளைக்கு ஆய்வுக் குழு வருது. கேட் பாத்துக்கிற ஜெபசிங்குக்குக் காய்ச்சல். ஒரு நாள் வந்து நின்னுட்டுப் போயிருங்க."

"சார், நான் லீவுல..."

"லீவு குடுத்தது யாரு?"

வேதமுத்து இசக்கியம்மாளிடம் போய் நின்றார்.

"இன்னும் மூணு நாள்தான் மேடம் இருக்கு. இதுல ஒரு நாள் அந்தக் கேட்டுக்குப் போகணுமாம். அத விட்டுட்டு வந்தேன்னுல்ல நெனச்சேன்? அது என்ன விட மாட்டேங்குது."

"கேட்ல என்ன செய்வீங்க?"

"நிப்பேன்."

"அப்ப போய் நில்லுங்க," என்றார் இசக்கியம்மாள்.

இது கேலியா, உத்தரவா என்று பஸ் ஏறும்வரை வேதமுத்துவுக்கு விளங்கவில்லை.


கல்லூரியின் முன்பக்கச் சுவர் இருநூறு அடி நீளம். நடுவில் பெரிய இரும்புக் கேட். அது கார்களுக்கு. அதை ஒட்டி ஒரு சின்ன கேட், ஓர் ஆள் நுழைகிற அகலம். மாணவர்களுக்கு அதுதான் வழி. அங்கேதான் நின்று அட்டை பார்ப்பார்கள்.

ஆய்வுக் குழுவுக்காக முந்தின நாள் சாயங்காலம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பசை போதவில்லை போலிருக்கிறது, தொட்டால் ஒட்டியது.

வாட்ச்மேன் சுடலைக்கண்ணு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"என்ன சார், ஆளு மெலிஞ்சிட்டிய? படிக்கப் போயிட்டியளாமே."

"ஆமா சுடலை."

"இந்த வயசுல அது தேவையா சார்?"

அந்தக் கேள்வியை வேதமுத்துவே ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எட்டே முக்காலுக்குப் பஸ்கள் வந்தன. ஒரே நேரத்தில் முந்நூறு பேர் இறங்கினார்கள். கருநீலச் சட்டை, கருநீலச் சட்டை, எங்கும் கருநீலச் சட்டை. சீருடை சுத்தமாக இல்லாதவனை இன்றைக்கு உள்ளே விடக் கூடாது என்று பிரின்சிபால் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் வந்தவன் தோள்பட்டையெல்லாம் வெள்ளை.

"எலேய், சட்டைல என்ன?"

"சொவரு சார்."

அடுத்தவனுக்கு முழங்கையில் வெள்ளை.

"ஒனக்கு என்ன?"

"சொவரு சார்."

மூன்றாவது ஒரு பெண். உள்ளங்கையை அவசரமாகத் துப்பட்டாவில் துடைத்தாள். துப்பட்டாவும் வெள்ளையானது.

"நீயுமா?"

"பஸ்ஸ அங்கன தள்ளி நிப்பாட்டிட்டான் சார். ரோட்டுல லாரி வருது. சொவரோரமா ஒண்டிதான வரணும்."

"அங்கிட்டுருந்து வார ஒனக்கு எப்படி ஒட்டுச்சு?"

"நாங்க அந்தப் பக்க பஸ் சார். அங்கயும் சொவருதான," என்றாள் இடது பக்கமிருந்து வந்த இன்னொருத்தி. அவளுக்கு இடது கையில் வெள்ளை.

சுவர், சுவர், சுவர். பத்துப் பேருக்குப் பிறகு வேதமுத்து கேட்பதை நிறுத்தினார். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. வலது பக்கமிருந்து வந்தவர்களுக்கு ஒரு தோளில், இடது பக்கமிருந்து வந்தவர்களுக்கு மறுதோளில். சுவரில் வந்து மோதிய கூட்டம் திரும்பிப் போய்விடவில்லை. சுவரைத் தேய்த்துக்கொண்டே நடந்து, நடந்து, இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு பையன் வந்தான். அவன் சட்டையில் ஒன்றும் இல்லை.

வேதமுத்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒன் சட்டைல ஏன்டே ஒண்ணுமில்ல?"

பையன் மிரண்டுபோனான். "எதுத்தாப்ல டீக்கடைலருந்து நேரா வந்தேன் சார். தப்பா சார்?"

"ஒன்ன மாரி நேரா வந்தவன் வேற யாரும் உண்டா?"

"நானும் பின்னால வார இவனும் மட்டுந்தான் சார்."

இரண்டு பேர். வேதமுத்துவின் கை தானாகத் தளர்ந்தது. பையன் ஓடிப்போனான்.

கூட்டம் முழுக்க உள்ளே போய்விட்டது. சுடலைக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"என்ன சார், அழுக்குச் சட்டக்காரன் அத்தன பேரையும் உள்ள விட்டுட்டிய? பிரின்சிபால் வையப்போறாரு."

"சுடலை, இந்தக் கேட்டுக்கு நேரா எத்தன பேரு வாராங்க?"

"நேரா எவன் சார் வாரான்? எல்லாப் பயலும் சொவரப் புடிச்சுட்டுத்தான் வாரான். என்னிக்கும் அப்படித்தான்."

"இத ஏன்யா இருபது வருஷமா எனக்குச் சொல்லல?"

சுடலைக்கண்ணுவுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியவில்லை.

"எதுத்தாப்ல நின்னது நீங்கதான சார்?" என்றார்.

வேதமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். பிரின்சிபாலிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆய்வுக் குழுவின் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கும்பிடு போடவும் இல்லை. சுவரை உரசியபடியே இருநூறு அடியில் பாதியை நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அவருக்குச் சிரிப்பாக வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அந்தக் கேட்டை விட்டு அவர் ஒருநாளும் போனதில்லை. இவ்வளவு மனதில்லாமலும் போனதில்லை.


மதியம் துறைக் கட்டடத்தின் படியில் ஓடி ஏறினார். ஆறு படி கால் தானாகப் போயிற்று. ஏழாவதில் இடறினார்.

இடறிய இடத்திலேயே சற்று நின்றார். திரும்பிப் படிகளைப் பார்த்தார். கீழே இறங்கி மறுபடி ஏறினார். வராந்தாவில் போன ஒரு பெண் இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒதுங்கிப் போனாள்.

பிறகு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து டேப்பை உரித்தார். பதினோரு சுருளும் உரிய சாயங்காலம் ஆயிற்று. துணியை எடுத்து மடித்து வைத்தார். அறை விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டார்.

நான்கு.

முதல் நாள் காட்டிய அதே நான்கு. ஆறு மாதமாக அது ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. அவர்தான் அதன் வாயை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் முழுக்க நோட்டோடு உட்கார்ந்தார். பக்கம் பக்கமாக 'கசிவு' என்ற தலைப்பை அடித்துவிட்டு மேலே 'ஒளி' என்று எழுதினார். நூற்று அறுபது பக்கம். ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கவில்லை.


கடைசி நாள் காலை இசக்கியம்மாளின் மேசையில் கடலையும் இல்லை, டப்பாவும் இல்லை. படிவம் மட்டும் இருந்தது. பக்கத்தில் பேனா.

வேதமுத்து கேட்டுக்குப் போட்டுப் போன அதே சட்டையைப் போட்டு வந்திருந்தார். துவைக்கவில்லை. இது தப்பினால் அவருக்கு இன்னொரு பல்கலைக்கழகம் இல்லை.

"எவ்வளவு சார்?"

"நாலு மேடம்."

"கசிவு?"

நோட்டை நீட்டினார். இசக்கியம்மாள் புரட்டினார். அடித்த இடங்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

"சிதறின துளைல ஏன் போகல?"

"நம்ம மாடிப்படில ஏழாவது படி மேடம். எல்லாம் ஒரே அளவுன்னாத்தான் காலு ஓடுது. ஒண்ணு மாறினாலும் இடறுது."

இசக்கியம்மாள் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

"துளைமேல விழுந்தது ரெண்டு. வந்தது நாலு. மீதி எங்கிருந்து வந்துச்சு?"

வேதமுத்துவிடம் ராத்திரி மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு வலது கையை மேசைக்கு மேலே நீட்டினார்.

தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சட்டை வெள்ளையாக இருந்தது.

இசக்கியம்மாள் ஒரு விரலால் தொட்டார். விரல் நுனியைப் பார்த்தார்.

"சுண்ணாம்பா?"

"ஆமா மேடம்."

"எங்க?"

"காலேஜ் கேட்ல. வந்தவங்க அத்தன பேரு மேலயும் இருந்துச்சு. நேரா வந்தவன் ரெண்டே பேருதான். மத்தவங்க மாதிரி, தங்கத்து மேல விழுந்த ஒளியும் சொவர ஒட்டியே வந்து துளைல சேருது மேடம்."

இசக்கியம்மாளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வேதமுத்து அதுவரை பார்த்ததில்லை.

"எனக்கு இது பிடிபட மூணு வருஷம் ஆச்சு சார்," என்றார். "முழுசா இன்னும் பிடிபடல."

படிவத்தைத் திருப்பி வேதமுத்துவின் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒரு எடத்துல தப்பா எழுதியிருக்கீங்க. திருத்திக் குடுங்க. கையெழுத்துப் போடுறேன்."

வேதமுத்து பதறிப்போய்ப் படித்தார். பெயர் சரியாக இருந்தது. பிறந்த தேதி சரி. அப்பா பெயர் சரி. ஊர், தெரு, கதவு எண் எல்லாம் சரி. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. 'ஆராய்ச்சி அனுபவம்' என்ற கட்டத்தில் போய் நின்றது. அங்கே அவருடைய கையெழுத்திலேயே 'இல்லை' என்று இருந்தது.

பேனாவை எடுத்தார். 'இல்லை'யை அடித்தார். எழுத்து மங்கியது. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"கேட் டூட்டின்னே எழுதலாமா மேடம்?"

"எத்தன வருஷம்னும் சேத்து எழுதுங்க சார்," என்றார் இசக்கியம்மாள்.